குசினிக்கு எந்த நெருப்பணைக்கிற சிலிண்டர் நல்லம்? வன்னிப்பக்கம் இருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ

#1 விசுவமடு ரீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். கனநாளா ஒண்டும் எழுதாமல் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். இப்ப ஒரு அவசரம்.

போன ஞாயிறு காலமை வாய்ப்பன் பொரிக்கவெண்டு தாச்சியில எண்ணெய் வைச்சனான். அந்த நேரம் பார்த்து மீன்காரன் கேற்றடியில ஹோர்ன் அடிக்கிறான். அடுப்பைக் குறைச்சுப்போட்டுத்தான் போனன் எண்டு நினைப்பு. குறைக்கேல்லை. பாரைக்கு விலை பேசி, வெட்டுவிச்சு, அவன்ர மகள் சோதினை எழுதின கதையும் கேட்டு முடிய, குசினி யன்னலால கறுப்புப் புகை வருது. ஓடிப்போய்ப் பார்த்தா தாச்சி முழுக்க நெருப்பு. மாமி பின்வாசலால வாளித் தண்ணியோட வந்திட்டா. "ஊத்தாதேங்கோ மாமி!" எண்டு நான் போட்ட சத்தத்தில வாளி கைதவறி விழுந்திட்டுது.

பதினொரு வருசமா விஞ்ஞானம் படிப்பிக்கிறன். எரியிற எண்ணெய்க்குத் தண்ணி விடக்கூடாது எண்டு தெரியும். ஆனா என்ன செய்யவேணும் எண்டது அந்த நேரம் மண்டைக்குள்ள வரேல்லை, நிண்டு நடுங்கினதுதான் மிச்சம். மூத்தவன், இந்த வருசம் ஓ.எல். எடுக்கிறவன், பொங்கலுக்கு எடுக்கிற பெரிய அலுமினியத் தட்டத்தை ரெண்டு கையாலயும் முகத்துக்கு முன்னால பிடிச்சுக்கொண்டு வந்து, தன்ர பக்கத்தில இருந்து அங்கால தள்ளித் தாச்சியை மூடினான். பிறகு காஸைப் பூட்டினான். அவ்வளவுதான், அடங்கீட்டுது. கூரைத் தகரம் கறுத்து, யன்னல் சீலை எரிஞ்சு, அவன்ர புருவம் கொஞ்சம் பொசுங்கினதோட போச்சு.

இப்ப இவர் சிலிண்டர் ஒண்டு வேண்டத்தான் வேணும் எண்டு நிக்கிறார். கிளிநொச்சியில ஒரு கடையில கேட்டா மூண்டு விதம் காட்டினம். ஏபிசி பவுடர் எண்டு ஒண்டு, அதில ஒரு கிலோவும் இருக்கு ஆறு கிலோவும் இருக்கு. கறுப்புக் குழல் வைச்ச சீஓடூ ஒண்டு. நுரை ஒண்டு. கடைக்காரர் "எல்லாம் ஒண்டுதான் மிஸ், பெரிசா எடுங்கோ" எண்டுறார். கனடாவில இருக்கிற இவற்ற தம்பி சொல்லுறது வேற. எங்களுக்குத் தீயணைப்பு வண்டி வாறதெண்டால் கிளிநொச்சியில இருந்து இருபது கிலோமீற்றர் அளவில ஓடி வரவேணும். அதுவரைக்கும் நாங்கள்தான். எது, எவ்வளவு பெரிசு, எங்க கொழுவுறது?


#2 லாண்ட்மாஸ்டர் (மல்லாவி)

ரீச்சர், நான் நேரா சொல்லுறன், கோவிக்காதேங்கோ. உங்கட பொடியன் தட்டத்தால அணைச்சிட்டான். பிறகு எதுக்கு சிலிண்டர்? அந்தக் காசுக்கு ரெண்டு தரம் காஸ் நிரப்பலாம். எங்கட வீட்டில குசினி வாசல்ல ஒரு வாளி மண், தண்ணித்தொட்டியில ஊறவைச்ச ஒரு சாக்கு. அப்பா காலத்தில இருந்து இதுதான். கிடுகுக் கொட்டிலில விறகடுப்பு எரிச்ச சனம் நாங்கள்.


#3 சிவப்பு உருளை (வவுனியா)

வணக்கம் ரீச்சர். சிலிண்டருக்குப் பவுடர் நிரப்பிச் சேர்விஸ் செய்யிற வேலைதான் எனக்கு, பதினாலு வருசமா. என்ர கடைக்கு விளம்பரம் போடுறதா ஆரும் நினைக்கக்கூடாது, அதால கடைப்பேர் சொல்லமாட்டன்.

முதல்ல மல்லாவி அண்ணைக்கு. நீங்கள் சொன்னதில அரைவாசி சரி. தாச்சி எண்ணெய் பிடிச்சா முதல் ஆயுதம் மூடிதான், சிலிண்டர் இல்லை. ரீச்சரின்ர பொடியன் செய்ததைவிட வடிவா நானும் செய்யமாட்டன். ஒண்டு மட்டும் சேர்க்கிறன்: மூடினாப் பிறகு திறந்து பார்க்கக்கூடாது. எண்ணெய் இன்னும் பத்திற சூட்டிலதான் இருக்கும். காத்துப் பட்டதும் திரும்பப் பிடிக்கும். அரை மணித்தியாலம் அப்பிடியே விடுங்கோ. தாச்சியைத் தூக்கிக்கொண்டு வெளிய ஓடுறதும் கூடாது. ஓடுறவை தங்கட காலிலதான் ஊத்துவினம்.

தண்ணி ஏன் கூடாது எண்டு ரீச்சருக்குத் தெரியும், மற்றாக்களுக்காக எழுதுறன். தண்ணி எண்ணெயைவிடப் பாரம், அடிக்குப் போகும். அங்க முந்நூறு பாகைக்கு மேல சூடு. ஒரு லீற்றர் தண்ணி ஆவியானா ஆயிரத்தி அறுநூறு, ஆயிரத்தி எழுநூறு லீற்றருக்கு விரியும். அந்த ஆவி எரியிற எண்ணெயைத் தூக்கிக் கூரைக்கு எறியும். மாமி அண்டைக்கு அந்த வாளியை ஊத்தியிருந்தா நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டியள்.

சரி, இப்ப சிலிண்டர்.

ஏபிசி பவுடர்: உள்ளுக்க இருக்கிறது மோனோ அமோனியம் பொஸ்பேற்று, மஞ்சளோ வெள்ளையோ மா மாதிரி. விறகு, துணி, மெத்தை, பெற்றோல், மண்ணெண்ணெய், கரண்ட் சாமான் எல்லாத்துக்கும் அடிக்கலாம். மரத்தில பட்டா உருகித் தோல் மாதிரி மூடிக்கொள்ளும். குறை என்னெண்டால் சூட்டைக் குறைக்காது. தாச்சி எண்ணெய்க்கு அடிச்சா சுவாலை படுக்கும், எண்ணெய் கொதிச்சபடி இருக்கும், திரும்பப் பத்தலாம். கிட்ட நிண்டு அடிச்சா அந்த வேகத்தில எண்ணெயே தெறிக்கும். அடிச்சாப் பிறகு குசினி முழுக்கப் பவுடர், முன்னுக்கு நிக்கிற ஆளும் தெரியாது.

சீஓடூ: காபனீரொட்சைட்டு. துப்பரவு, ஒரு பொட்டு மிஞ்சாது. கொம்பியூட்டர் கடை, வங்கி, சுவிட்ச் போட் இருக்கிற அறை, இதுகளுக்கு நல்லம். உங்கட குசினி ரெண்டு பக்கமும் திறந்து கிடக்கும் எண்டால் காத்து அள்ளிக்கொண்டு போயிடும். இறுக்கிப் பூட்டின சின்ன அறையில அடிச்சா உங்களுக்கே மூச்சுக்குக் காத்து இல்லை. அந்தக் கறுப்புக் குழலை வெறுங்கையால பிடிக்கக்கூடாது, வாயு மைனஸ் 78 பாகையில வெளிய வரும், தோல் ஒட்டும். கேஜும் இல்லை, நிறுத்துப் பார்த்துத்தான் நிறைவா குறைவா எண்டு சொல்லலாம்.

நுரை: பெற்றோல், மரம், துணிக்கு நல்லம். தாச்சி எண்ணெய்க்கு எண்டு செய்ததில்லை.

நனைச்ச இரசாயனம் எண்டு ஒண்டும் இருக்கு, மஞ்சள் பட்டியோட. பொட்டாசியம் உப்புக் கரைசல், கொதிக்கிற எண்ணெயில பட்டா சவர்க்காரம் மாதிரிப் படை கட்டும். தாச்சி எண்ணெய்க்கு எண்டே செய்தது. கொத்துக்கடை, கல்யாண மண்டபக் குசினி வைச்சிருக்கிறவை இதை வேண்டவேணும். வீட்டுக்கு மூடி காணும்.

அப்ப ரீச்சருக்கு என்ர பதில்: ஏபிசி பவுடர், ரெண்டு கிலோ. ஆறு கிலோ எண்டு எழுதியிருக்கிறது உள்ளுக்க இருக்கிற பவுடர் மட்டும், இரும்போட சேர்த்தா ஒன்பது கிலோவுக்குக் கிட்ட. மாமியால கொழுக்கியில இருந்து இறக்க ஏலுமோ? ஒரு கிலோ வாகனத்துக்கு.


#4 ரொறன்ரோ மருமகன்

உருளை அண்ணை, நான் ரீச்சரின்ர கனடாத் தம்பி இல்லை, ஆனா அவர் என்ன சொல்லியிருப்பார் எண்டு எனக்கு விளங்குது. "என்ன வகை நெருப்புக்கு எண்டு லேபலில எழுத்துப் போடுவினம், சி எண்டு போட்டிருந்தா கரண்டுக்கு, எண்ணெய்க்கு கே வகை வேண்டு" எண்டு சொல்லியிருப்பார். இங்க வட அமெரிக்காவில அதுதான் முறை: சி எண்டால் மின்சாரம், கே எண்டால் குசினி எண்ணெய். ஆனா பிரித்தானியா, ஐரோப்பா முறையில சி எண்டால் எரிவாயு, குசினி எண்ணெய்க்கு எஃப். கரண்டுக்கு எழுத்தே இல்லை, மின்னல் படம் மட்டும் போடுவினம். அம்மாவுக்கு போன முறை ஊருக்கு வரேக்க வேண்டிக் குடுத்ததில எஃப் எண்டு தேடித் தேடிக் களைச்சனான், லேபலில கே எண்டு கிடந்தது. எழுத்தை நம்பாதேங்கோ, படத்தைப் பாருங்கோ.

அதோட ஒரு சந்தேகம். ஊரில இப்ப பற்றரி ஸ்கூட்டி வருதே. அதுக்கும் பவுடர் வேலை செய்யுமோ?


#5 சிவப்பு உருளை

லேபல் விசயம் நூறு வீதம் சரி. என்ர மேசையிலயே ரெண்டு முறையும் கலந்து கிடக்கு.

லிதியம் பற்றரிக்குப் பவுடர் சரிவராது. மேல சுவாலையை அமத்தும், உள்ளுக்க செல்லுக்குச் செல் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். அதுக்குத் தண்ணி, கனக்கத் தண்ணி, தூர நிண்டு. பத்திட்டுதெண்டால் வீட்டு ஆக்களை வெளிய எடுக்கிறதுதான் முதல் வேலை. இரவு முழுக்க விறாந்தையில, வாசலுக்கு நேரே, சார்ஜ் போடாதேங்கோ. வெளிய ஓடுற வழியை நீங்களே அடைச்ச மாதிரி.


#6 வயர்மன் (பரந்தன்)

கரண்ட் எண்டவுடன வந்திட்டன்.

ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே எண்டு சனம் நிம்மதியா நித்திரை கொள்ளுது. ட்ரிப் சுவிட்ச் பிடிக்கிறது நிலத்துக்கு ஒழுகிற கரண்டை, முப்பது மில்லியம்பியர் போனா விழும். பிளக்குக்குள்ள வயர் லூசாகிச் சிவந்து எரியிறதை அது அறியாது. நான் போற வீடுகளில அரைவாசியில ஒரு எக்ஸ்ரென்சன் வயரில பிரிட்ஜ், ரைஸ் குக்கர், கேத்தில் மூண்டும் தொங்கும். 13 அம்பியர் பிளக் ஒண்டு தாங்கிறது மூவாயிரம் வாற்ஸ் அளவில. கேத்தில் மட்டும் ரெண்டாயிரம் இழுக்கும். பிளக்கைக் கழட்டேக்க பின் சூடா இருந்தா, பிளாஸ்ரிக் மண்ணிறமாகி இருந்தா, அந்த இடத்திலதான் உங்கட நெருப்புப் படுத்திருக்கு.

இப்ப நான் சொல்ல வந்த விசயம் வேற. கரண்ட் நெருப்பெண்டால் முதல்ல மெயின் சுவிட்சை விழுத்தவேணும், எல்லாருக்கும் தெரியும். விழுத்தினா என்ன நடக்கும்? கிணத்து மோட்டரும் நிக்கும். வீட்டுத்திட்ட வீடுகள் கனக்கவுக்கு மேல்தாங்கி இல்லை, இருந்தாலும் ஐந்நூறு லீற்றர், அதுவும் விடிய நிரப்பினது பின்னேரம் காலி. போன சோளகத்தில எங்கட ஒழுங்கையில ஒரு மாட்டுக்கொட்டில் பிடிச்சுது. ஆம்பிளையள் ஏழெட்டுப் பேர் கிணத்தைச் சுத்தி நிக்கிறம், கிணறு நிறையத் தண்ணி, அள்ள வாளியும் இல்லைக் கயிறும் இல்லை. மோட்டர் பூட்டினவுடன கப்பியையும் கழட்டி இரும்புக்காரனுக்குக் குடுத்தாச்சு. கடைசியில முன்வீட்டு லாண்ட்மாஸ்டர் உழவு மிசினில பூட்டிற தண்ணிப் பம்மைக் கொண்டுவந்து இறைச்சம். அதுக்குள்ள கொட்டில் முடிஞ்சுது. மாடுகளை முதலே அவிட்டு விட்டபடியா தப்பிச்சுது.

ரீச்சர், சிலிண்டர் வேண்டுங்கோ. ஆனா வாளியும் கயிறும் கிணத்தடியில கட்டித் தொங்கவிடுங்கோ, அதுக்குக் காசில்லை.


#7 லாண்ட்மாஸ்டர் (மல்லாவி)

வயர்மன் தம்பி, இதுதான் கதை. கப்பியை வித்த சனம் சிலிண்டர் வேண்டப் போகுது.

நான் இன்னும் மாறேல்லை. காஸ் நெருப்புக்கு ஈரச்சாக்கைவிட நல்லது ஒண்டும் இல்லை. எங்கட பெரியம்மா வீட்டில ரெகுலேற்றரடியில பிடிச்சது, நான்தான் சாக்கால மூடி அணைச்சனான்.


#8 சிவப்பு உருளை

அண்ணை, மூடிப்போட்டு காஸைப் பூட்டினீங்களோ?


#9 லாண்ட்மாஸ்டர் (மல்லாவி)

பூட்டினன் தம்பி. சாக்குக்குக் கீழால கையை விட்டு ரெகுலேற்றரைத் திருப்பினன். கை கொஞ்சம் சுட்டது.


#10 சிவப்பு உருளை

அந்தக் கை சுட்டதுதான் உங்களைக் காப்பாத்தினது, சாக்கு இல்லை. இதை எல்லாரும் ஆறுதலா வாசியுங்கோ.

காஸ் ஒழுகி எரிஞ்சுகொண்டு இருக்கேக்க, பூட்ட ஏலாத நிலையில சுவாலையை மட்டும் அணைச்சா நெருப்பு நிக்கும், காஸ் நிக்காது. சமையல் காஸ் காத்தைவிடப் பாரம், நிலத்தோட படர்ந்து மேசைக்குக் கீழ, பக்கத்து அறைக்குள்ள போய்க் கிடக்கும். சாமி அறை விளக்கோ பிரிட்ஜ் மோட்டரோ ஒரு பொறி குடுத்தாக் காணும். எரியிற காஸைவிட எரியாமல் நிரம்பின காஸ்தான் வீட்டைத் தூக்கும். அதால ஒழுங்கு இதுதான்: கை போகுமெண்டால் ரெகுலேற்றரைப் பூட்டு, நெருப்பு தானா நிக்கும். கை போகாதெண்டால் ஆக்களை வெளிய எடு, பக்கத்தில எரியக்கூடிய சாமானை மட்டும் அணை, காஸ் சிலிண்டருக்குத் தூர நிண்டு தண்ணி அடிச்சுக் குளிரப்பண்ணு. சிலிண்டரே நெருப்புக்குள்ள அகப்பட்டு வேகுதெண்டால் கிட்டப் போகாதேங்கோ, ஓடுங்கோ.

மணம் மட்டும் வருது, நெருப்பில்லை எண்டால் சுவிட்ச் ஒண்டும் போடவும் வேண்டாம், நிப்பாட்டவும் வேண்டாம். கதவு யன்னலைத் திற, ரெகுலேற்றரைப் பூட்டு, வெளிய வந்து போனில கதை.

2021 நவம்பர், டிசம்பரில நாடு முழுக்க அடுப்பும் சிலிண்டருமா வெடிச்சது ஞாபகம் இருக்குத்தானே? புரொப்பேனும் பியூட்டேனும் கலக்கிற அளவை மாத்தினதுதான் காரணம் எண்டு பிறகு விசாரிச்ச குழு சொன்னது. அந்த நேரம் பயத்தில சனம் கனக்கப்பேர் விறகுக்குத் திரும்பினது. பயம் போச்சு, ஹோஸ் மாத்திற பழக்கம் மட்டும் இன்னும் வரேல்லை. உங்கட ஹோஸில திகதி அடிச்சிருக்கும், இண்டைக்கே போய்ப் பாருங்கோ. எலி கடிச்ச அடையாளமும் பாருங்கோ. ரேப் சுத்தி வைச்சிருக்கிற ஹோஸ் நான் எத்தினை கண்டிட்டன்.


#11 நந்திக்கடல் இறால்

முல்லைத்தீவில இருந்து ஒரு கதை. 2022 எண்ணெய் வரிசைக் காலத்தில எங்கட வீட்டில பெற்றோலும் மண்ணெண்ணெயும் சோடாப் போத்தலில கிடந்தது. வள்ளத்து எஞ்சினுக்கு மண்ணெண்ணெய், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல். ரெண்டும் ஒரே போத்தல், ஒரே றாக்கை. அம்மா விறகு பத்தேல்லை எண்டு ஒரு மூடி ஊத்தினா. மண்ணெண்ணெய் எண்டு நினைச்சு ஊத்தினது பெற்றோல். புகைஞ்சுகொண்டிருந்த விறகில இருந்து நெருப்பு ஏறி அவவின்ர சட்டையைப் பிடிச்சுது. தம்பி பாயால சுத்தி நிலத்தில உருட்டினான். கை ரெண்டும் காயம், ரெண்டு மாசம் ஆசுப்பத்திரி.

இப்ப எங்கட மீன்வாடியில ஒரு பவுடர் சிலிண்டர் இருக்கு. ஆனா கடல் உப்பு அடியைத் தின்னுது. கீழ்ப்பக்கம் துரு ஏறினதை வைச்சிருக்கலாமோ?


#12 அக்கராயன் அக்கா

இறால் தம்பி, அம்மாவின்ர கைக்கு உடன என்ன செய்தனீங்கள்? நான் நேர்ஸ், அதால கேக்கிறன். இண்டைக்கும் சனம் பற்பசை, முட்டை வெள்ளைக்கரு, எண்ணெய் பூசிக்கொண்டுதான் வருது. அதைக் கழுவி எடுக்கிறதுக்குள்ள அந்தப் பிள்ளையள் படுற பாடு எங்களுக்குத்தான் தெரியும். சுட்ட இடத்துக்கு ஓடுற பச்சைத்தண்ணி, இருபது நிமிசம். ஐஸ் வேண்டாம். காப்பு, மோதிரத்தை வீங்க முதல் கழட்டுங்கோ, ஒட்டின துணியை இழுக்கவேண்டாம். 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ, காசில்லை.

நான் சிலிண்டர் வேண்டி ஏமாந்த கதையும் சொல்லுறன், ஏமாத்தினது நான்தான். ரெண்டு வருசத்துக்கு முந்தி வேண்டி, பிள்ளையளுக்குக் காட்டுவம் எண்டு முத்தத்தில ஒரே ஒருக்கா, ஒரு செக்கன், அமத்திப் பார்த்தனான். வடிவா வேலை செய்தது. கைபிடியைப் பூட்டிற பின்னைத் திரும்பப் போட்டுக் கொழுவியாச்சு. மூண்டு மாசத்தால பார்த்தா அமுக்கம் காட்டுற கேஜ் முள்ளு சிவப்பில கிடக்கு.


#13 சிவப்பு உருளை

அக்கா, அது எல்லாரும் செய்யிற பிழை. ஒருக்கா அமத்தினா வால்வு இருக்கையில பவுடர் மணி ரெண்டு அகப்படும், பிறகு அது இறுக்கிப் பூட்டாது. காத்து நூல் நூலாப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு செக்கன் அடிச்சாலும் நிரப்பத்தான் வேணும்.

இறால், அடி துருவேறி உரியுது, கை வைச்சாப் பொருக்குக் கழருது எண்டால் அதை அமத்தவே வேண்டாம். உள்ளுக்க அமுக்கம் இருக்கிற சாமான், அடி பிய்ச்சுக்கொண்டு போகும். சேர்விஸ் கடைக்குக் குடுத்து அழியுங்கோ. புதுசை நிலத்தில வைக்காமல் சுவரில கொழுவுங்கோ.

மாசம் ஒருக்காப் பார்க்கிறதுக்கு ஒரு நிமிசம் காணும். முள்ளு பச்சையில நிக்குதோ, பின்னும் பிளாஸ்ரிக் சீலும் கிடக்குதோ, ஹோஸ் வெடிச்சிருக்குதோ. எங்கட பக்கத்தில இன்னொண்டு: ஹோஸ் வாய்க்குள்ள விரலை விட்டுப் பாருங்கோ. குளவி மண்கூடு கட்டியிருக்கும். போன மாசம் ஒரு கடையில இருந்து வந்த நாலில ரெண்டில கூடு இருந்தது. முள்ளு பச்சை, சீல் புதுசு, அமத்தினா ஒண்டும் வந்திருக்காது.


#14 குளக்கட்டு

பிள்ளையள், நீங்கள் வீட்டுக்குள்ள நெருப்பைப் பற்றிக் கதைக்கிறியள். நான் வெளி நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை.

ஆடி, ஆவணியில புல்லுக் காஞ்சு, சோளகம் வீசேக்க, குப்பைக்கு வைச்ச நெருப்பு வேலியால பாயும். அதுக்குச் சிலிண்டர் கொண்டு ஓடாதேங்கோ, ரெண்டு கிலோ பவுடர் பத்து யார் புல்லுக்கும் காணாது. பச்சைக் கொப்பு முறிச்சு, காத்துக்கு முதுகு காட்டி நிண்டு அடி. அல்லது முன்னுக்குப் போய் மண்வெட்டியால ஒரு பாதை செருக்கிவிடு.

ஆனா உங்கட காணி எண்டால்தான். பக்கத்துப் பத்தைக் காணிக்குள்ள, ஆரும் கண்ணிவெடி எடுத்துத் துப்புரவாக்காத இடத்துக்குள்ள நெருப்புப் போச்செண்டால் காலை வைக்காதேங்கோ. போர் முடிஞ்சு இவ்வளவு வருசம் எண்டு நினைக்கிறியள். நிலத்துக்குள்ள இருக்கிற சாமானுக்கு வருசம் தெரியாது. காணி துப்புரவாக்கிக் குப்பை எரிச்சவை வெடிச்சுக் காயப்பட்டது இந்த மண்ணில எத்தினை தரம் நடந்தது. எரியேக்க வெடிச்சத்தம் ஒண்டு கேட்டா எல்லாத்தையும் போட்டுட்டுப் பின்னால வா. எரியிறது பத்தைதானே. பொலிசுக்கு, 119 க்கு அறிவி.

2016 புரட்டாதியில கிளிநொச்சிச் சந்தை எரிஞ்ச அடுத்த நாள் நானும் போய்ப் பார்த்தனான். முறுகின தகரமும் உருகின தராசும். கடைக்காரரின்ர முகத்தைப் பார்க்க ஏலாமல் திரும்பி வந்திட்டன்.


#15 மட்டுறுத்துநர்

சந்தையை ஏன் எப்பிடிக் கட்டினது, ஆர் பொறுப்பு எண்ட விவாதத்தை வேற இழைக்கு மாத்தியிருக்கிறன் (பதினேழு பதிவு). இங்க சிலிண்டர் மட்டும்.


#16 விசுவமடு ரீச்சர்

மூண்டு கிழமைக்குப் பிறகு வாறன், பிந்தினதுக்குக் குறை நினைக்காதேங்கோ. சோதினைத் தாள் திருத்தம்.

வேண்டியாச்சு. ஏபிசி, ரெண்டு கிலோ. கடைக்காரர் திகதி முடிஞ்ச ஒரு கிலோ ஒண்டையும் சும்மா தந்தார். ஒரு பொட்டுத் துரு இல்லை, அடி வடிவா இருந்தது. "பழகிப் பாருங்கோ மிஸ்" எண்டார். சனிக்கிழமை பின்னேரம் முத்தத்தில வெட்டின பரலுக்குள்ள காஞ்ச தென்னோலையும் பழைய அட்டைப்பெட்டியும் போட்டுக் கொளுத்தினம். அயலில நாலு வீட்டுப் பிள்ளையளும் வேலியில. மாமி கதிரை போட்டு இருந்தா.

முதல்ல நான். உருளை அண்ணை, ஒண்டு நீங்கள் சொல்லேல்லை. பின் வரேல்லை! இழுக்கிறன், இழுக்கிறன், வரவே இல்லை. மூத்தவன் கத்துறான், "அம்மா கையை விடுங்கோ, கையை விடுங்கோ" எண்டு. பதட்டத்தில ஒரு கையால மேல் கைபிடியை இறுக்கி அமத்திக்கொண்டு மற்றக் கையால பின்னை இழுத்திருக்கிறன். அமத்தினா பின் இறுகுது. சிலிண்டரை நிலத்தில வைச்சு, கழுத்தில மட்டும் பிடிச்சு, பின்னைக் கொஞ்சம் திருகி இழுக்க, சீல் அறுந்து வந்திட்டுது. உண்மையா எரிஞ்சிருந்தா அந்த நேரத்துக்குள்ள யன்னல் சீலை மட்டும் இல்லை, கூரையும் பிடிச்சிருக்கும்.

பிறகு அமத்தினன், சுவாலையின்ர தலைக்கு அடிச்சன். பவுடர் நெருப்புக்கு மேலால பறந்து வேலிப் பிள்ளையளுக்கு. நெருப்பு அப்பிடியே எரியுது. மூத்தவன் கையைப் பிடிச்சு அடிக்குத் திருப்பினான், அடியில இருந்து இடமும் வலமுமா விசிறினது, ரெண்டு வீச்சில அடங்கீட்டுது. அடங்கவும் சிலிண்டர் முடியவும் சரி. இவர் போனில நேரம் பிடிச்சவர்: எட்டு செக்கன். அதில மூண்டு நான் வானத்துக்கு அடிச்சது.

கோழியள் மஞ்சள் பூசின மாதிரி ரெண்டு நாள் திரிஞ்சுது. வீட்டுக்குள்ள எண்டால் எவ்வளவு கூட்டவேண்டி வரும் எண்டு மாமி இப்பவே கணக்குப் பார்த்திட்டா.

கொழுவினது குசினி வாசல் நிலைக்குப் பக்கத்தில, விறாந்தைப் பக்கம். முதல்ல இவர் அடுப்புக்கு மேல ஆணி அடிக்கப் போனவர். எரியிற அடுப்புக்கு மேல கையை நீட்டி எடுக்கிறதோ எண்டு கேட்டன். தட்டத்துக்கும் அடுப்புக்குப் பக்கச் சுவரில தனி ஆணி, கை எட்டிற இடத்தில. அதைப் பொங்கலுக்கும் எடுக்கக்கூடாது எண்டு மாமியின்ர உத்தரவு, புதுத் தட்டம் வேண்டவேணுமாம். கிணத்தடியில வாளி கயிறு கட்டியாச்சு வயர்மன் தம்பி.

ஒரு கேள்வி மட்டும். கூட்டினாப் பிறகு தண்ணி ஊத்திக் கழுவலாமோ? நிலத்தில வழுக்குது.


#17 சிவப்பு உருளை

ரீச்சர், பின் விசயம் எனக்கே வெக்கமா இருக்கு, ஒவ்வொரு நாளும் கழட்டிற கைக்கு அது மறந்து போகும். இனி வாறாக்கள் எல்லாருக்கும் சொல்லித் தருவன்.

முதல்ல காஞ்சபடி கூட்டி அள்ளுங்கோ, மூக்கைத் துணியால கட்டிக்கொண்டு. பிறகு ஈரத்துணி. முதலே தண்ணி விட்டா பசை மாதிரி ஒட்டும். இரும்புச் சாமான், பிரிட்ஜுக்குப் பின்பக்கம், அடுப்பின்ர பேர்னர் எல்லாம் அண்டைக்கே துடையுங்கோ, ஈரம் பட்டா அரிக்கும். உள்ளுக்க பவுடர் போன றேடியோ, ரி.வி. யைத் திருத்துறவரிட்டக் காட்டாமல் போடாதேங்கோ.

அடிக்கேக்க எங்க நிண்டனீங்கள்?


#18 விசுவமடு ரீச்சர்

பரலுக்கும் கேற்றுக்கும் நடுவில, கேற்றுக்கு முதுகு காட்டி. ரெண்டரை மீற்றர் இருக்கும். காத்தும் முதுகுப்பக்கம்.


#19 சிவப்பு உருளை

அது காணும். ஒரு சிலிண்டர் முடிஞ்சும் எரியுதெண்டால் இரண்டாவதைத் தேட வேண்டாம், அந்தக் கேற்றால வெளிய போங்கோ, கதவைச் சாத்திக்கொண்டு. அஸ்பெஸ்ரஸ் கூரை எண்டால் இன்னும் கெதியா, சூட்டுக்குச் சீற்று வெடிச்சுப் பறக்கும்.


#20 லாண்ட்மாஸ்டர் (மல்லாவி)

தம்பி உருளை, வெள்ளிக்கிழமை நெல்லு ஏத்திக்கொண்டு வவுனியாவுக்கு வாறன். ஒரு கிலோ ஒண்டு எடுத்து வையும், மிசினில பூட்டத்தான். வீட்டுக்கில்லை.


#21 லாண்ட்மாஸ்டர் (மல்லாவி)

மனிசி பின்னால நிண்டு வாசிச்சிட்டா. ரெண்டு கிலோவும் ஒண்டு. கடைப்பேரைத் தனிமடலில போடும்.